கோணமாமலையில் ஒரு மாலை

திருக்கோணமலையில் கோணேசப் பெருமானைத் தரிசிக்கக் கோட்டை வாயிலைக் கடந்தே சுவாமிமலையில் ஏற வேண்டும். முழங்கால் வலியுடையோர் மெல்ல நடக்கலாம். வழியில் மான்கள் அச்சமின்றி அருகே வருகின்றன. உச்சியிலிருந்து நோக்கினால் இருமருங்கும் குடாக்கள். எதிரே செங்குத்தான பாறையின் கீழ் ஆழ்கடல். ஞானசம்பந்தப் பெருமான் இராமேசுவரத்திலிருந்தே இத்தலத்தைப் பாடிப் பணிந்தார் என்பது மரபு. நமக்கோ நேரில் காணும் பேறு கிட்டியது!

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். நாம் மிதித்து வந்த வாயிலும் அவ்வாறமைந்ததே என்றறிந்தபோது நெஞ்சு கனத்தது. ஆயினும் அடியார் சிலர் திருமேனிகளை மண்ணுள் மறைத்துக் காத்தனர் என்பர். 1950இல் கிணறு தோண்டுகையில் சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்! புதைத்த கைகள் எவருடையவோ? மீண்டும் ஒருமுறை தீபாராதனை காண அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று மாலைப் பூசையில் எனக்கென எதையும் வேண்ட மனம் வரவில்லை. பெயரறியா அவ்வடியார்களை எண்ணி ஒரு நெய்விளக்கு ஏற்றினேன். கடற்காற்று அதனை இருமுறை அணைத்தது. அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் தம் முந்தானையால் மறைத்துக்கொள்ள, மூன்றாம் முறை நின்றெரிந்தது.

மறுநாள் காலை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீராடிப் புறப்பட்டோம்.