அந்தச் சீட்டு கட்டுபடியாகுமா?

ரம்மியில் ஊறியவர்கள் போக்கர் ஆட உட்கார்ந்தால் முதலில் சறுக்குவது, வராத சீட்டுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான். ரம்மியில் முறை வந்தால் ஒரு சீட்டு சும்மா கிடைக்கும். வேண்டாததைக் கீழே போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். போக்கரில் அடுத்த சீட்டைப் பார்ப்பதற்கே எதிரே இருப்பவர் விலை வைக்கிறார்.

டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டம். கையில் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் ஒன்பதும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்றில் ராஜாவும் நாலும் ஸ்பேட், மற்றது டைமண்ட் ஏழு. இன்னொரு ஸ்பேட் விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். நாம் பார்க்காத சீட்டுகள் 47; அவற்றில் ஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே வர வாய்ப்பு 19 சதவீதம்.

எங்கள் மேசையில் புளியங்கொட்டைதான் பணம். (இணையத்தில் காசு வைத்து ஆடுவதை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது, எங்களுக்கு அதில் நஷ்டமில்லை.) நடுவில் 100 கொட்டை கிடக்கிறது, எதிராளி 25 போடுகிறார். 25 கொடுத்தால் 125 எடுக்கலாம், ஒன்றுக்கு ஐந்து. தாராளமாகக் கட்டுபடியாகும், ஒன்றுக்கு நாலேகால் கிடைத்தாலே போதும். அவரே 100 போட்டால் ஒன்றுக்கு இரண்டுதான். பார்க்க எவ்வளவு லட்சணமான கையாக இருந்தாலும் கவிழ்த்துவிடுவதே புத்தி. ‘இன்னும் இரண்டு சீட்டு பாக்கி, சேர்த்தால் 35 சதவீதம் ஆச்சே’ என்று மனசு வக்காலத்து வாங்கும். கணக்கு சரிதான். ஆனால் இரண்டாவது சீட்டுக்கு அவர் மறுபடியும் விலை வைப்பாரே! அந்த 100-ஓடு அவர் கை காலியாகி, இனி கேட்க ஒன்றுமில்லை என்றால்தான் 35 செல்லும். அப்போது அதே 100-க்குத் துணிந்து ஒப்புக்கொள்ளலாம்.

வந்த பிறகு எவ்வளவு கறக்கலாம் என்பது இன்னொரு கணக்கு. நடுவில் மூன்று ஸ்பேட் கிடந்தால் சின்னப் பிள்ளைக்கும் சந்தேகம் வரும். எதிராளி கையை இழுத்துக்கொள்வார். அதனால் எனக்கு வரிசையாக ஐந்து சீட்டு சேரும் ஸ்ட்ரெய்ட் மேல்தான் பிரியம். கையில் எட்டும் ஏழும், நடுவில் ஒன்பது, ஆறு, இரண்டு. ஐந்தோ பத்தோ வந்தால் போதும். அதற்கு 8 சீட்டுதான், ஃப்ளஷை விட ஒன்று குறைவு. ஆனால் ஐந்து விழும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கையிலுள்ள ஜோடி ராஜாவை நம்பி மேலும் மேலும் போடுவார்.

காத்திருக்காமல் நாமே விலையை ஏற்றுவதும் உண்டு. அவர் மிரண்டு கவிழ்த்தால் அங்கேயே ஜெயம். மிரளாவிட்டால் சீட்டு வர வழி இருக்கிறது. போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு ‘செமி பிளஃப்’ என்று பெயர் வைத்தார். எதைப் போட்டாலும் ‘கால்’ சொல்லி ஒப்புக்கொள்ளும் ஆசாமியிடம் இது பலிக்காது.

ஆறும் ஐந்துமாகச் சின்ன ஸ்பேட்களை வைத்துக்கொண்டு ஃப்ளஷுக்கு ஏங்குவது வேறு ரகம். கேட்ட சீட்டு வந்தே தோற்கலாம். பெரிய ஸ்பேட் எதிரே இருக்கும். அந்தக் கைக்கு 25 கொட்டைகூட அதிகம்.