கரிசலில் ஒரு குழிக் கரி

எங்கள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கரி என்றால் உடைமர மூட்டம்தான் நினைவுக்கு வரும். சீமைக்கருவேலையை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுப்பது. மழை பொய்த்த வருஷங்களில் ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் பல வீடுகளில் உலை கொதித்தது அந்தக் கரியை விற்றுத்தான்.

பருத்திமார் கதை வேறு. நான் சிறுவனாக இருந்தபோது அதுதான் அடுப்புக்கு விறகு. கேஸ் வந்த பிறகு சீந்துவாரில்லை. கிடந்தால் காய்ப்புழு தங்கும் என்று வரப்போரம் குவித்துக் கொளுத்துகிறார்கள். மிஞ்சுவது சாம்பல், அதுவும் மேல்காற்றோடு போய்விடும்.

அந்த மாரைக் கரியாக்கி மண்ணில் சேர்ப்பதைத்தான் இப்போது உயிர்க்கரி, பயோசார் என்கிறார்கள். அமேசான் காட்டுப் பழங்குடிகள் வாழ்ந்த இடங்களில் கரி கலந்த கறுப்பு மண் பல நூறு ஆண்டுகள் கழித்தும் வளமாக இருக்கிறதாம்.

செய்முறை சுலபம். அடி குறுகி வாய் அகன்ற குழி, மூன்றடி ஆழம். காய்ந்த மாரைப் போட்டு மேலே தீ வைக்க வேண்டும். மேலே தீ எரிவதால் அடியில் காற்றுப் புகாது. அங்கே கரி சேரும். மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும்போது அடுத்த அடுக்கு. குழி நிறைந்ததும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சாம்பல்தான். பிறகு நொறுக்கி, தொழுவுரம், கோமியத்தோடு இரண்டு வாரம் ஊறவிட வேண்டும். வெறுங்கரி பயிருக்கு வேண்டிய சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: கரியும் காரகுணம், நம் கரிசலும் காரகுணம். அதனால் அளவோடு போதும். செம்மண்ணுக்கும் தேரி மணலுக்கும்தான் பலன் அதிகம்.

நிலத்தை உழுகிற தம்பி மகனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "கரி நூறு வருஷம் மண்ணுல கெடக்கும்ங்கிய. அடுத்த வருஷம் நீங்க நெலத்த வித்துட்டா, நான் பட்ட பாடு யாருக்கு, பெரியப்பா?"

நியாயமான கேள்வி. அவன் வியர்வை, என் பட்டா. பத்து வருஷத்துக்குக் குத்தகை எழுதி, பதிவாபீஸில் பதிந்து கொடுத்தேன். குழி வெட்டும் கூலியும் என்னுடையது. இந்தச் சித்திரையில் ஐந்து குழி போட்டான். பாதி நிலத்தில் மட்டும் இட்டிருக்கிறோம், ஒப்பிட்டுப் பார்க்க.

ஊரில் நிலத்தை விட்டுவிட்டு டவுனில் பென்ஷன் வாங்குகிற என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: உழுகிறவனுக்கு நாளை உறுதியானால்தான் மண்ணுக்கு யாரும் எதையும் சேர்ப்பார்கள்.