காத்திருப்பு நாற்காலி



காற்பந்தைப் பற்றி இவ்வாசிரியருக்கு என்ன தெரியும் என்று சிலர் நகைக்கலாம். சிலாங்கூர் குழு தோற்ற இரவுகளில் எனக்கு உறக்கம் வருவதில்லை என்பது என் இல்லத்தார் அனைவரும் அறிந்த செய்தி.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன் நான். பால்மரம் சீவிவிட்டு வந்த அப்பா, மாலையில் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்தால் மலேசியக் கிண்ண ஆட்டம் முடியும்வரை எழமாட்டார். எங்கள் லயத்துச் சிறுவர்களுள் பலருக்குக் கோல் காவலராக வேண்டும் என்பதே ஆசை. 'சிலந்தி மனிதன்' எனப் புகழ்பெற்ற ஆர். ஆறுமுகம் சிலாங்கூரின் கோல் கம்பங்களுக்கிடையே நின்ற காலம் அது. 1988இல் அவர் சாலை விபத்தில் மறைந்தபோது எங்கள் லயமே துக்க வீடாயிற்று.

அந்தப் பற்றுதான் இன்றுவரை என்னை வாட்டுகிறது. மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற குழு சிலாங்கூர். ஆனால் கடைசியாக வென்றது 2015இல், கெடாவை 2-0 எனத் தோற்கடித்தபோது. 2022 இறுதியாட்டத்தில் கையோன் அடித்த கோலால் முந்தியிருந்தும், பெர்க்சனின் இரு கோல்களால் ஜோகூர் டாருல் தக்சிமிடம் 2-1 என வீழ்ந்தோம். 2024 எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் அதே ஜோகூரிடம் 6-1. அதை எழுதவும் கை கூசுகிறது.

என் குறை முதல் பதினொருவர் மீதன்று. காத்திருப்பு நாற்காலியில் இருப்போர் மீதுதான். ஜோகூர் ஒருவரை வெளியே எடுத்தால் அவருக்கு ஈடான ஒருவர் உள்ளே வருகிறார். 2014 முதல் 2024-25 வரை சூப்பர் லீக்கை அவர்கள் விடாமல் வென்றதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் ஒருவரை மாற்றினாலோ ஆட்டத்தின் ஓட்டமே நின்றுவிடுகிறது. 2024 மே மாதம் ஃபைசால் ஹாலிம் கொடிய அமிலத் தாக்குதலுக்கு ஆளாகிக் களமிறங்க இயலாமற்போனபோது, அவருடைய இடத்தை நிரப்ப யாருமில்லை என்ற உண்மை அப்பட்டமாகத் தெரிந்தது.

மாற்று ஆட்டக்காரர் என்றால் எளிதாக எண்ணிவிடக் கூடாது. உலகக் கிண்ணப் போட்டியில் 1970இல்தான் அவர்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. இன்று ஓர் ஆட்டத்தில் ஐவரை மாற்றலாம், ஏறத்தாழ அரைக்குழு! 1999 ஐரோப்பியச் சாம்பியன் கிண்ண இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் இரு கோல்களையும் அடித்த ஷெரிங்கமும் சோல்ஷாரும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்களே.

இவ்வாறெல்லாம் ஒருநாள் இரவு தொலைக்காட்சியின் முன் நான் பொரிந்து கொண்டிருந்தேன். "விளையாடத் தெரியாதவனை ஏன் குழுவில் சேர்க்கிறார்கள்?" என்று கத்தினேன். துணி மடித்துக் கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே கேட்டார்: "காலையில அந்தப் பையனையும் இப்படித்தான் திட்டினீங்களா?"

அன்று காலை எங்கள் பள்ளி எழுவர் காற்பந்துப் போட்டியில் கலந்து கொண்டது. எங்களுடையது சிறிய தோட்டப் பள்ளி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின், மக்கள் கிள்ளானுக்கும் ரவாங்கிற்கும் சுங்கை பூலோவிற்கும் பெயர்ந்துவிட்டார்கள். ஆட்டக்காரர் எழுவரைத் திரட்டுவதே பெரும்பாடு. மாற்றாக இருந்தவர்கள் இருவர். அவர்களுள் ஒருவன் அந்த மாணவன். மூன்று மாதப் பயிற்சியிலும் பந்து பொறுக்குவதும் தண்ணீர்ப் புட்டி சுமப்பதுமே அவன் வேலை. அரையிறுதியில் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரனுக்குத் தசைப்பிடிப்பு ஏற்படவே, அவனை இறக்கினேன். எங்கு நிற்பதென்று தெரியாமல் என்னையே பார்த்தான். அவன் பக்கமாகத்தான் கோல் விழுந்தது. திடலோரத்தில் நின்று, எல்லாரும் கேட்க அவனைக் கடிந்துகொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் அவனை அழைத்துப்போக வந்த தாத்தா என்னிடம், "பரவால்லங்க ஐயா, இன்னைக்காவது எறக்கி விட்டீங்களே" என்றார். ஏச்சாக இருந்தால் தாங்கியிருப்பேன். அது நன்றி!

எங்கு நிற்க வேண்டுமென்று அவனுக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. நட்டுத் தண்ணீர் ஊற்றாத கன்றிடம் காய் எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

மறுநாள் சபைகூடலுக்குப் பின் அவனை அழைத்து, "தவறு என்னுடையது" என்றேன். தலையைக் குனிந்தவாறே, "அடுத்த ஆட்டத்துக்கும் நான் வரலாமா ஐயா?" என்றான்.

அவ்வாரம் முதல் பயிற்சியில் முதல் குழு, இரண்டாம் குழு என்ற பிரிவை எடுத்துவிட்டேன். எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடினார்கள். போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதி ஆட்டமாவது உண்டு என்று விதி வைத்தேன். மறு ஆண்டு முதற்சுற்றிலேயே வெளியேறினோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவ்வாண்டு பயிற்சிக்கு யாரும் மட்டம் போடவில்லை.

வகுப்பறையிலும் இதே கதைதானே? தேர்ச்சி காட்டும் நால்வரையே மேடைப் பேச்சுக்கும் புதிர்ப் போட்டிக்கும் மாறிமாறி அனுப்புகிறோம். பின்வரிசையில் இருப்பவன் ஆறாண்டும் கைதட்டிவிட்டே இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான். இருப்பதே சில பிள்ளைகள் என்னும் பள்ளியில் அவர்களுள் ஒருவரைக்கூட நாற்காலியிலேயே வைத்திருக்க நமக்கு உரிமையில்லை.

சிலாங்கூர் குழுவின் மீது என் சினம் தணிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். இல்லை! நேற்றும் கத்தினேன். ஆனால் ஒரு மாற்று ஆட்டக்காரர் தடுமாறும்போது, இவருக்கு இதுவரை எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். தாத்தாவைப் பார்க்கும் போதெல்லாம் விசாரிக்கிறேன். பள்ளிக் குழுவில் இருக்கிறானாம். இன்னும் மாற்று ஆட்டக்காரன்தானாம்.

அங்குள்ள ஆசிரியர் அவனை இறக்கிவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.