போனியாகாத கணக்கு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. காதல் கதை கேட்டாலும் கை தானாக வரவு-செலவு போடும்.

அமெரிக்காவின் போனி-கிளைட் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். (நம்மூர்க் கடைக்காரருக்கு போனி என்றால் முதல் வியாபாரம். இது வேறு போனி!) 1930-களின் பெருமந்தம். வேலை கிடையாது, பேங்குகள் திவால். அந்த பேங்கையே ஒரு ஜோடி கொள்ளையடித்தால் ஜனங்கள் ரசிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் இவர்கள் அதிகம் அடித்தது பெட்ரோல் பங்க்கும் சின்னச் சின்னக் கடைகளும்தான். ஜெயில் வேலைக்குப் பயந்து கால் விரல் இரண்டை இழந்தவன் கிளைட். 1933 கார் விபத்தில் கால் வெந்து, சரியாக நடக்க முடியாமல் போனவள் போனி. 1934 மே 23-ல் போலீஸ் மறைந்திருந்து சுட்டபோது அவளுக்கு 23, அவனுக்கு 25.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்றால், எங்கள் சேரப்பணஞ்சேரியில் பக்கத்து ரூம் தம்பி ஒருத்தன். ஒரகடத்தில் கம்பெனி வேலை. கூட வேலை செய்கிற பெண்ணோடு காதல். இரண்டு வீட்டிலும் ஜாதி குறுக்கே நிற்கிறது.

"பேசாம போனி-கிளைட் மாதிரி கிளம்பிடலாம்ணே. காட்டுக்குள்ள எவன் ஜாதி கேக்கப் போறான்?" என்றான் டீக்கடையில்.

"அங்கேயும் கேட்டாங்கடா" என்று பூலான்தேவி கதையை ஆரம்பித்தேன்.

பூலானும் விக்ரமும் படகோட்டிகளான மல்லா ஜாதி. பூலானைச் சீரழித்த கும்பல் தலைவன் பாபு குஜ்ஜரைச் சுட்டுவிட்டுத் தலைவனானவன் விக்ரம். சட்டத்தையே தூக்கியெறிந்த கும்பல், ஜாதியை மட்டும் துப்பாக்கியோடு சேர்த்துத் தோளில் சுமந்தது! அதே கும்பலைச் சேர்ந்த டாக்கூர் சகோதரர்கள் ஸ்ரீராமும் லாலாராமும் 1980-ல் விக்ரமைத் தீர்த்துக்கட்டினார்கள். ஜோடி சேர்ந்திருந்தது ஏறக்குறைய ஒரு வருஷம். 1981 பிப்ரவரி 14-ல் பேமாய் கிராமத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூலான் 1983-ல் சரணடைந்து, 11 வருஷம் ஜெயிலில் கழித்து, 1996-ல் எம்.பி.யும் ஆனார். 2001-ல் டெல்லியில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். பேமாய்க்குப் பழி என்றான் சுட்டவன். இருபது வருஷம் கழித்தும் பாக்கி நேராகவில்லை!

தம்பி வெகுநேரம் காலி கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்களாமேண்ணே? அதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"அது ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்துக்கு. ரெண்டு பேரும் இந்துன்னா சுயமரியாதைக் கல்யாணம் இருக்கே! 1967-ல அண்ணா கொண்டுவந்த சட்டம். சொந்தக்காரங்களோ சிநேகிதங்களோ முன்னால மாலை மாத்திக்கிட்டா செல்லும். அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்."

"அந்த சிநேகிதங்கள்ல ஒருத்தரா நீங்க வருவீங்களா?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"தேதியைச் சொல்லு" என்றேன்.