ஜன்னலா, தெருவா?

தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். படுப்பதற்கு லாட்ஜ். புண்ணியத் தலமென்றால் சத்திரம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைக்கும் எனக்கு இது தினசரி வரும் சிக்கல். போன கோடை விடுமுறைக்கு சிங்கப்பூர் போவதென்று முடிவானபோது, 72 வயது அம்மா இதையே கேள்வியாகக் கேட்டார்: "ஒரு வாரம் ஹோட்டல்லயா? சாப்பிட்டுட்டு எங்க போய்ப் படுக்கிறது?"

கேலிதான். ஆனால் அம்மாவின் வாழ்க்கையில் வெளியூர்த் தூக்கம் என்பது உறவினர் வீட்டுக் கூடம், ராமேஸ்வரம் சத்திரம், திருப்பதியில் தேவஸ்தான அறை, இவ்வளவுதான். ஒரு ராத்திரி படுக்க ஆயிரக்கணக்கில் கொடுப்பது அவர் கணக்கில் வரவே இல்லை. எங்கள் கணக்கிலும் சுலபமாக வரவில்லை. ஹைதராபாத் பாலாநகரில் உதிரிபாகம் தயாரிக்கும் பட்டறையில் என் கணவருக்கு வேலை. இந்தப் பயணத்துக்காக நான்கு வருடம் சேமித்திருந்தோம்.

சிங்கப்பூர் யீஷுனில் என் சித்தி மகள் இருக்கிறாள். "நாங்க இருக்கும்போது ஹோட்டலா?" என்று கோபித்துக்கொண்டாள். அங்கே நாலு ரூம் வீடு என்றால் ஹாலையும் சேர்த்து எண்ணுகிற நாலு. அவர்கள் நான்கு பேரோடு நாங்கள் ஐந்து பேர் போய் இறங்கினால் உறவு மிஞ்சாது. தனியார் வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்றால், மூன்று மாதத்துக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுவதை அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக, ஹோட்டல்தான்.

குகட்பள்ளியில் ஒரு டிராவல் ஏஜெண்டைப் போய்ப் பார்த்தோம். வண்ண வண்ணமாகப் படங்கள் காட்டினார். 14 வயதுப் பையனுக்கு மரீனா பே பக்கம் கடலைப் பார்த்த உயரமான கட்டடம் வேண்டும். கணவருக்கு ஆர்ச்சர்ட் ரோடு. நான் லிட்டில் இந்தியா என்றேன். பையன் சிரித்தான். "இவ்வளவு செலவு பண்ணிப் போய் மயிலாப்பூர்ல தங்கற மாதிரி இருக்கும்மா." ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தி, "ஞாயிற்றுக்கிழமை அங்கே லேபர் கூட்டம் அதிகம் மேடம். ஃபேமிலிக்குச் சரிப்படாது" என்றார்.

பையனின் வாதத்தில் நியாயம் இருந்தது. பார்த்த முகங்களையும் தின்ற இட்லியையும் விட்டு விலகத்தானே வெளிநாடு? ஆனால் ஐந்து பேர் போகும் பயணத்தின் வேகத்தை முடிவு செய்வது யார் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வலது முழங்கால். அவரால் ஒரே மூச்சில் 300 மீட்டர் நடக்க முடியும். பிறகு உட்கார வேண்டும். காலையில் சுற்றிவிட்டு மதியம் அறைக்கு வந்து படுத்தால்தான் சாயங்காலம் மறுபடி கிளம்புவார். அதனால் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் சாப்பிடக்கூடியது கீழே இறங்கியதும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் ஏஜெண்டின் படங்களில் தெரியவில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சேர்கின்றன. ஒன்றில் ஏறினால் நாலாவது நிறுத்தம் பேஃபிரண்ட். பையன் கேட்ட மரீனா பே அங்கேதான். இன்னொன்றில் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து செந்தோசா தீவு கூப்பிடு தூரம். நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பெயர்ப் பலகையில் தமிழும் உண்டு. சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ், தேக்கா சந்தை. பையனின் ஜன்னலுக்கு ரயிலில் போய்விடலாம். அம்மாவின் தயிர் சாதத்துக்கு தினமும் ரயிலேற முடியாது.

தெருவை முடிவு செய்தபின் அறை. இங்கேதான் பணம் தெரியாமல் கரையும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால் அது முழு விலை அல்ல. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் சேர்த்த தொகை மீது 2024 முதல் 9 சதவீத வரி. 200 வெள்ளி என்று போட்ட அறைக்கு 239 வெள்ளி 80 காசு கட்ட வேண்டும். ஒரு வெள்ளி 60 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கூடுதல்.

அடுத்தது தலைக்கணக்கு. பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை. பிள்ளைகள் இலவசம் என்றால் எந்த வயது வரை, தனிக் கட்டில் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மலிவான அறைகள் சிலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உண்டா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் அம்மாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம். கேட்டேன்.

நேரமும் கவனிக்க வேண்டிய விஷயம். ஹைதராபாத்தில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் பறப்பது நாலரை மணி நேரம், கடிகாரத்தில் கூடுவது இரண்டரை மணி. காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்போம். அறை கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மணிக்கு. தூங்காத எட்டு வயதுப் பெண்ணையும் வீங்கிய காலையும் வைத்துக்கொண்டு அதுவரை என்ன செய்வது? சீக்கிரம் தரும்படி முன்பே எழுதிக் கேட்டோம். பதினொரு மணிக்கு ஒரு அறையாவது தருவதாக பதில் வந்தது. ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு சிறிய அறைகள் எடுத்தோம்.

போனது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மரீனா பே, செந்தோசா எல்லாம் பார்த்தோம். பையனுக்கு ரயில் பிடித்துப்போனது. மனதில் நிற்பது, ஏஜெண்ட் எச்சரித்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மாலை நாலு மணிக்குமேல் தெருக்கள் நிரம்பின. புல்தரை, நடைபாதை, கடை வாசல் எங்கும் உட்கார்ந்து தமிழ், தெலுங்கு, வங்காளி பேசும் இளைஞர்கள். அதே வட்டாரத்தில்தான் 2013 டிசம்பர் 8 அன்று தமிழகத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, கலவரம் வெடித்தது. பிறகு அங்கே மது விற்பனைக்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. ஏஜெண்டின் தாழ்ந்த குரலுக்குப் பின்னால் அந்த நினைவு இருந்திருக்கலாம். எனக்குப் பாலாநகர் நினைவுக்கு வந்தது. ஞாயிறு மாலை எங்கள் பக்கத்திலும் பீகார், ஒடிசாப் பையன்கள் இப்படித்தான் சாலையோரம் கூடி வீட்டுக்குப் போன் பேசுவார்கள். எங்கள் குடியிருப்பிலும் சிலர் முகம் சுளிப்பது உண்டு.

அம்மாவுக்குக் கால் வலித்தது. திண்டு ஒன்றில் இருந்த பையன் எழுந்து இடம் கொடுத்தான். "எந்த ஊருப்பா?" என்று அம்மா கேட்டார்.

"அறந்தாங்கிப் பக்கம், பாட்டி. நீங்க சுத்திப் பாக்க வந்தீங்களா? எங்க தங்கியிருக்கீங்க?"

அம்மா எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். "நீ?"

"துவாஸ்ல டார்மிட்டரி. ஒரு ரூம்ல பன்னண்டு பேர். இங்க வர ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"அவ்ளோ தூரத்துலேருந்தா? இங்க என்ன இருக்கு?"

"மனுஷங்க இருக்காங்கல்ல, பாட்டி" என்று சிரித்தான்.

தமிழர் இந்த ஊருக்கு வந்து தலை சாய்த்த இடங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. நகரத்தார் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்தார்கள். ரஜூலா கப்பலில் வந்த எத்தனையோ பேர் ஊர்க்காரரின் இருப்பிடத்தில் ஒண்டினார்கள். இன்று தொழிலாளிக்கு நகரத்தின் ஓரத்தில் முதலாளி காட்டும் கட்டில். எங்கே படுப்பது என்று நான்கு வாரம் வரைபடத்தை வைத்து விவாதிக்கும் வசதி எங்கள் தலைமுறைக்குத்தான், அதிலும் சிலருக்குத்தான், வாய்த்திருக்கிறது. அந்த வசதியை, நம் ஊர்ப் பையன்கள் வாரத்தில் ஒரு நாள் மூச்சு விடும் தெருவிலிருந்து விலகி நிற்பதற்குச் செலவிட வேண்டுமா என்பதுதான் ஏஜெண்டுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

கிளம்பும் முன் அம்மா அவனிடம் அம்மா, அப்பா, கல்யாணம் எல்லாம் விசாரித்தார். அவன் வாங்கி வந்த டீக்குக் காசு கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டான். அன்று இரவு அம்மா ஹோட்டல் வாடகையை ரூபாயில் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு இது எத்தனை நாள் சம்பளம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த முறை எங்கே போனாலும் கடலைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்கிறான் பையன். பார்க்கலாம். பக்கத்தில் ரயில் நிலையம் எத்தனை மீட்டர் என்று முதலில் பார்த்துச் சொல் என்றிருக்கிறேன்.