வேனுக்குள் வெயில் எந்த வழியாக நுழைகிறது?



நம்ம 2003 பேட்ச் பையன் ஒருவன் சுற்றுலா வேன் ஓட்டுகிறான். திருத்தணி, திருப்பதி, காளஹஸ்தி, காஞ்சிபுரம் என்று மூன்று நாள் சுற்று. ராத்திரியில் பாதிப் பேர் வேனிலேயே தூங்குவார்கள். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வேனில் போன என் பெரியம்மா மகள், 74 வயது அக்கா, நகரி தாண்டுமுன் மயங்கிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றித்தான் அனுப்பினார்கள். "ஏசி ஓடிக்கிட்டுதான் சார் இருந்துச்சு" என்று பையன் கலங்கிப்போய் வந்து நின்றான்.

ஏசி உள்ளே வந்த வெப்பத்தை வெளியே இறைக்கும், அவ்வளவுதான். இறைப்பதைவிட வருவது அதிகமானால் அது என்ன செய்யும்? வருகிற வழியை முதலில் கண்டுபிடிப்போம்டா என்றேன். ஒன்பதாம் வகுப்பில் நடத்திய கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் அந்த வேனுக்குள்ளேயே இருந்தன.

மதியம் 2 மணிக்கு வெயிலில் நிறுத்தி உள்ளே கையால் தடவிப் பார்த்தோம். மேற்கூரையில் கை வைக்க முடியவில்லை. டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியும் அப்படித்தான். பக்கச் சுவர் பரவாயில்லை. ராத்திரி உள்ளே டார்ச் அடித்து வெளியே நின்று பார்த்தால், பின் கதவு ரப்பர் ஓரம் கோடு கோடாக வெளிச்சம். பகலில் அதே இடத்தில் ஊதுவத்தி பிடித்து, ஏசி ஃபேனைப் போட்டோம். புகை நேராக எழாமல் வளைந்தது. அங்கேதான் காற்று போய் வருகிறது. கருவி என்று செலவு ஒரு ஊதுவத்திதான்.

ரப்பர் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கூரைதான் பெரிய கதை. இரும்புத் தகடு, கொஞ்சம் இடைவெளி, ரெக்சின். நடுவில் ஒன்றுமில்லை. கடைக்காரர் தெர்மாகோல் வைக்கலாம் என்றார், விலையும் குறைவு. இரும்பு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும், அதனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தெர்மாகோல் பற்றிக்கொண்டால் புகை உயிரை வாங்கும். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும், உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். யாத்திரை வேனிலும் டீ போடாமல் இருக்க மாட்டார்கள். எளிதில் தீப்பிடிக்காத ஃபோம் ஷீட்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி வாங்க வைத்தேன். எஞ்சின் மூடிக்கு அடியிலும் சூடு தாங்கும் ஷீட். அடுப்பும் சிலிண்டரும் வேனுக்குள் ஏறவே கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

நிறுத்தி வைக்கும்போது கேரியருக்கு மேலே வெள்ளைத் துணி கட்டச் சொன்னேன். துணிக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் காற்று ஓட வேண்டும். கல்யாணப் பந்தல் கணக்குதான்.

அடுத்தது கண்ணாடி. வெளிச்சம் அதன் வழியே உள்ளே வந்து சீட்டைச் சூடாக்கும். சீட் விடும் வெப்பக் கதிர் அதே கண்ணாடியைத் தாண்டாது. அதனால் உள்ளே திரை போடுவதைவிட, நிறுத்தும்போது வெளிப்பக்கம் மறைப்பது மேல். கறுப்பு ஃபிலிம் ஒட்டட்டுமா என்றான். 2012லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்ட விஷயம். இப்போதும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம், முன்பின் கண்ணாடியில் 70 சதவீதம் வெளிச்சம் வந்தாக வேண்டும். போலீஸ் அபராதத்துக்குக் கொடுப்பதை இளநீருக்குக் கொடு என்றேன்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ராத்திரி எஞ்சினை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், கொசுவலை போட்டு.

இப்போது அதே மதிய வெயிலில் கூரையில் உள்ளங்கையை வைத்து நிதானமாக எடுக்க முடிகிறது. அக்கா மட்டும் இன்னும் ரயில்தான் என்கிறார்.

கனடாவில் மோட்டார் ஹோம் வாங்கியிருக்கும் 1998 பேட்ச் மாணவிக்கு: உனக்குப் பிரச்சினை நேர் எதிர், உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடுகிறது. ஆனால் டார்ச்சும் ஊதுவத்தியும் அங்கேயும் வேலை செய்யும்மா. கதவு ரப்பரில் ஆரம்பித்துப் பார்த்துவிட்டு, எங்கே புகை வளைந்தது என்று கமென்ட்டில் எழுது.