ஏற்றுவது இலேசு, மீட்பதுதான் வேலை

"சொந்தமா ஒரு மென்பொருள் களஞ்சியம் வைக்கப் போறம். எந்தக் கருவி நல்லம் சேர்?" கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கணினி ஆய்வுகூடங்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. தேடிப் பார்த்தால் ஏகப்பட்ட பெயர்கள் கிடைக்கும். எல்லாவற்றின் கையேடும் மென்பொருள் பொதியைக் களஞ்சியத்தில் எப்படி ஏற்றுவது என்றுதான் தொடங்கும். ஏற்றுவது எந்தக் கருவியிலும் இலேசு. ஏற்றிய பொதி பழுதென்று தெரியவரும் காலையில் அந்தக் கருவி நமக்கு என்ன செய்து தரும் என்பதை வைத்துத்தான் நான் தெரிவு செய்கிறேன்.

அதற்கு முன் ஒரு வடிகட்டல் இருக்கிறது. களஞ்சியம் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது களஞ்சியமே அல்ல. ஆய்வுகூடத்தில் உள்ள அத்தனை உபுண்டு கணினிகளும் ஒரே புதுப்பிப்பைத் தனித்தனியாக இறக்குகின்றன. மொபைல் ரௌட்டரில் போட்ட டேட்டா மாதம் முடியுமுன் தீர்ந்துபோகிறது. இதுதான் தொல்லை என்றால் 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' போதும். முதலாவது கணினி கேட்கும்போது அது பொதியை வெளியிலிருந்து எடுத்துத் தன் வன்தட்டில் வைத்துக்கொள்ளும். அடுத்த கணினிகளுக்கு அங்கிருந்தே கொடுக்கும். பழைய கணினி ஒன்றில் நிறுவி, மற்றவற்றில் ஒரு வரி அமைப்பைச் சேர்த்து, 3142ஆம் போர்ட்டைக் காட்டினால் வேலை முடிந்தது. கையொப்பம் உபுண்டுவினுடையதாகவே இருப்பதால் கையொப்பச் சாவி வைத்துக் காக்கும் பொறுப்பும் நமக்கு இல்லை.

இரண்டாவது ஆசை, முழுப் பிரதி வைப்பது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் இந்த ஆசை இங்கே பலருக்கு வந்தது. மின்சாரம் வரும் நேரத்தில் நெட் இருக்காது; நெட் வரும்போது மின்சாரம் இருக்காது. எல்லாவற்றையும் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியதில் பிழையில்லை. ஆனால் உபுண்டுவின் முழுக் களஞ்சியம் டெராபைட் கணக்கில் வரும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு அப்படியொரு பிரதியை நாட்டுக்குள்ளேயே நடத்துகிறது. அந்தப் பாரத்தை ஒரு பயிற்சி நிலையம் சுமக்கத் தேவையில்லை. ஒரு வெளியீட்டின் ஒரு பகுதி மட்டும் போதுமென்றால் 'டெப்மிரர்' நல்ல கருவி. பொதிகளை முதலில் இறக்கி, அட்டவணையைக் கடைசியில்தான் இடம்மாற்றும். ஆதலால் நடுவில் மின்சாரம் போனாலும் இல்லாத பொதியை இருப்பதாகச் சொல்லும் அட்டவணை மாணவர்களின் கணினிக்குப் போய்ச் சேராது.

இந்த இரண்டும் அடுத்தவர் செய்த பொதிகளுக்கு. நாமே செய்த பொதி என்று ஒன்று வரும்போதுதான் உண்மையான களஞ்சியம் தேவைப்படுகிறது. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் தமிழை ஒட்டியே வரும். பாமினியில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களைத் திறக்க ஒரு எழுத்துரு, எஸ்எல்எஸ் 1326 தரத்தில் வரும் ரங்கநாதன் விசைப்பலகைக்கான அமைப்பு, அச்சுப்பொறிக்கான டிரைவர், மாணவர் கணக்குகளுக்கான சில ஸ்கிரிப்டுகள். இவற்றைப் பென் டிரைவில் காவிக்கொண்டு ஒவ்வொரு கணினியாகப் போகலாம். அடுத்த மாதம் எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று யாராலும் சொல்ல ஏலாது.

கருவிகளை ஒப்பிடுமுன் களஞ்சியம் எப்படி நம்பப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். உபுண்டு போல டெபியன் வழிவந்த களஞ்சியத்தில் இரண்டு கோப்புறைகள் இருக்கும். 'பூல்' என்பதில் பொதிகள் கிடக்கும். 'டிஸ்ட்ஸ்' என்பதில் அட்டவணைகள். 'பேக்கேஜஸ்' என்ற பைல் ஒவ்வொரு பொதியின் பெயர், பதிப்பு, பருமன், ஷா-256 சரிபார்ப்பு எண் எல்லாவற்றையும் சொல்லும். 'இன்ரிலீஸ்' என்ற பைல் அந்தப் பேக்கேஜஸ் பைலின் சரிபார்ப்பு எண்ணைச் சொல்லும். நமது சாவியால் கையொப்பமிடுவது அந்தக் கடைசிப் பைலில் மட்டும்தான். நெல் லொறியில் ஒவ்வொரு மூட்டைக்கும் முத்திரை குத்தாமல், மூட்டைகளின் எடையெல்லாம் எழுதிய பட்டியலில் ஒரே ஒப்பம் வைப்பது மாதிரி. பட்டியலுக்கும் மூட்டைக்கும் எடை ஒத்துவராவிட்டால் கணினியில் பொதிகளை நிறுவும் 'ஆப்ட்' அந்தப் பொதியைத் தொடாது.

இனிக் கருவிகள். ஆகச் சின்னது 'டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ்'. ஒரு கோப்புறையைக் காட்டினால் அட்டவணை எழுதித் தரும், அவ்வளவுதான். கையொப்பம் நம் பாடு. அதைச் செய்யச் சோம்பல்பட்டு, 'டிரஸ்டட்=யெஸ்' என்று எழுதிச் சோதனையையே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் பரிசோதனைக்கு அது சரி. பிள்ளைகள் தினமும் உட்காரும் கணினிகளுக்குச் சரியல்ல.

அடுத்தது 'ரெப்ரெப்ரோ'. ஒரு சின்ன அமைப்புப் பைல், அதில் வெளியீட்டின் பெயர், கட்டமைப்பு, கையொப்பச் சாவி. பொதியைச் சேர்க்கும் ஒரே கட்டளையில் அட்டவணையும் கையொப்பமும் தாமாக நடக்கும். இதில் எனக்கு மிகப் பிடித்த குணத்தை முதலில் பலர் குறையென்று சொல்வார்கள். உள்ளே ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, பதிப்பு எண்ணை மாற்றாமல் அதே பொதியைத் திரும்ப ஏற்றப் பார்த்தால் அது மறுத்துவிடும். அந்தப் பெயர் வேறொரு சரிபார்ப்பு எண்ணோடு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று சொல்லும். "என்ன காக்கா, ஒரு கமாவ மாத்தினதுக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று என்னோடு வேலை பார்க்கும் தம்பி சலித்துக்கொண்டான். கெடுபிடி வேண்டும். ஒரே பெயரில் இரண்டு உள்ளடக்கம் ஊருக்குள் உலாவத் தொடங்கினால், எந்தக் கணினியில் எது என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. ரெப்ரெப்ரோவின் மெய்யான குறை வேறு: இயல்பாக அது ஒரு வெளியீட்டில் ஒரு பொதிக்கு ஒரு பதிப்பைத்தான் வைத்திருக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும்.

அந்த இடத்தில்தான் 'ஆப்ட்லி' வருகிறது. கோ மொழியில் எழுதப்பட்டது. பொதிகளின் பட்டியலை ஒரு தேதிக்கு உறையவைத்து, அந்த நிலையை அப்படியே வெளியிட அதனால் முடியும். உறையவைத்த நிலை பிறகு மாறாது. இந்த வாரத்து நிலையில் கோளாறு என்றால் போன வாரத்து நிலைக்கு ஒரே கட்டளையில் திருப்பிவிடலாம். விலை என்னவென்றால், கற்கவேண்டியது கூட. களஞ்சியம், உறைநிலை, வெளியீடு என்ற மூன்றும் தனித்தனி என்பது மனதில் பதியச் சில காலம் எடுக்கும்.

நெக்சஸ், பல்ப், ஆர்ட்டிஃபாக்டரி என்ற பெரிய ஆட்களும் இருக்கிறார்கள். பல மொழிகளின் பொதிகளை ஒன்றாகக் கையாளும் நிறுவனங்களுக்கானவை அவை. எங்கள் ஊர் ஆய்வுகூடத்துச் சேர்வர் பெரும்பாலும் யாரோ கழித்துவிட்ட கணினி. அதன் நினைவகம் முழுவதையும் களஞ்சியத்துக்கே கொடுக்க முடியாது. உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளம் தரும் 'பிபிஏ' என்ற இணையக் களஞ்சியம் இலவசம். மூலநிரலை மட்டும் அனுப்பினால் பொதியை அவர்களே கட்டிக் கையொப்பமிடுவார்கள். மூலநிரல் கைவசம் இல்லாத அச்சுப்பொறி டிரைவருக்கு அது உதவாது.

மீட்பது ஏன் இவ்வளவு பெரிய வேலை என்பதை 2024 மார்ச் மாதம் உலகமே பார்த்தது. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். அதற்குள் அது டெபியனின் நிலையற்ற கிளைக்கு வந்துவிட்டது. பழைய 5.4.5க்குத் திரும்பவேண்டும். ஆனால் ஆப்ட் தானாகக் கீழ்ப்பதிப்புக்கு இறங்காது. ஆகவே டெபியன்காரர்கள் பழைய உள்ளடக்கத்துக்கு '5.6.1+ரியலி5.4.5-1' என்று பெயரிட்டு அனுப்பினார்கள். எண்ணைப் பார்த்தால் முன்னேற்றம், உள்ளே பின்வாங்கல்.

சின்னக் களஞ்சியத்துக்கும் இதே சட்டம்தான். ஆப்ட்லியில் உறைநிலையைத் திருப்பினால் இன்னும் புதுப்பிக்காத கணினிகள் தப்பும். புதுப்பித்துவிட்ட கணினிகள் பழுதோடுதான் நிற்கும். அவற்றுக்கு, பழைய உள்ளடக்கத்தை மேலான எண்ணோடு அனுப்பவேண்டும். இல்லையென்றால் ஆப்டின் முன்னுரிமை எண்ணை ஆயிரத்துக்கு மேலே வைத்துக் கட்டாயமாக இறக்கவேண்டும். எந்தக் கருவியும் இந்த வேலையை நமக்காகச் செய்யாது. ஆனால் பழைய பொதியைப் பத்திரமாக வைத்திருக்கிற கருவி வழியைத் திறந்து வைத்திருக்கும்.

கருவியைவிட நீண்ட காலம் நம்மோடு இருப்பது சாவி. களஞ்சியத்தை மாற்றலாம், சேர்வரை மாற்றலாம். சாவி தொலைந்தால் ஒவ்வொரு கணினியையும் நேரில் போய்த் தொடவேண்டும். ஆகவே சாவி சேர்வரில் மட்டும் இருக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையில் ஏறியது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். கரையோரக் கட்டடங்களில் இருந்த காகிதங்களும் கணினிகளும் ஒன்றாகவே போயின. அதை அறிந்த ஊரில் சாவியின் பிரதியை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் காப்புப்பிரதி என்று சொல்லக்கூடாது. எங்களுடையது கடலிலிருந்து தள்ளி, உள்நாட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கிறது. கடவுச்சொல் அவரிடம் இல்லை. அது வேறு ஒருவரிடம். அதேபோல, கணினிகளில் சாவியைச் சேர்க்கப் பழைய 'ஆப்ட்-கீ' கட்டளையைப் பயன்படுத்துவதில்லை. அப்படிச் சேர்த்த சாவியை ஆப்ட் எல்லாக் களஞ்சியங்களுக்கும் நம்பும். 'சைன்ட்-பை' என்று எழுதினால் நமது சாவி நமது களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லும்.

இவ்வளவும் சொன்னபிறகும் "அப்ப எது நல்லம் சேர்?" என்றால், ஒருவரே பார்க்கும் கைப்பிடி அளவு பொதிகளுக்கு ரெப்ரெப்ரோ. பல பள்ளிகளுக்குப் போகிற பொதிகளுக்கு, வாராவாரம் மாறுகிறவற்றுக்கு ஆப்ட்லி. இரண்டில் எதை எடுத்தாலும், ஊர்க் கணினிகளை இணைப்பதற்கு முன் ஒரு பரீட்சை வைக்கிறேன். வேண்டுமென்றே பழுதாக்கிய எழுத்துருப் பொதி ஒன்றை ஏற்றி, பரிசோதனைக் கணினியில் நிறுவவிட்டு, சேர்வரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். போன் பண்ணக்கூடாது. எழுதிவைத்த ஒற்றைத் தாளை மட்டும் பார்த்து அவன் அந்தக் கணினியை நல்ல எழுத்துருவுக்குக் கொண்டுவந்தால் அந்தக் கருவி எங்களுக்குச் சரி. முடியாவிட்டால் தாளைத் திருத்துவோம். தாள் இரண்டாம் பக்கத்துக்கு நீண்டால் கருவியை மாற்றுவோம்.